ரூட்டர் மெஷினில் மரத்தளபாடம்: பட்டறை வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் உள்ள எங்கள் தச்சுப்பட்டறையில் கணினியால் ஓடும் ரூட்டர் மெஷினைப் பூட்டிய நாளில் இருந்து ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கதவு செய்விக்க வந்த அம்மாவும் கேட்பார், மெஷின் வாங்க யோசிக்கும் தம்பியும் கேட்பார், நாற்பது வருசம் உளி பிடித்த ஓடாவி ஐயாவும் கேட்பார். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதில் ஊன்றி நிற்பதால், முதலில் இருந்து வாசித்தால் நல்லது.

அண்ணை, சிஎன்சி எண்டால் என்ன? றோபோ மாதிரி ஒண்டோ?

கையில் பிடித்து ஓரம் சீவுகிற ரூட்டரைப் பார்த்திருப்பீர்கள். அந்த மோட்டரைப் பெரிதாக்கி, ஒரு மேசைக்கு மேலே நகரும் சட்டத்தில் பூட்டினால் அதுதான் இந்த மெஷின். மோட்டருக்கு ஸ்பிண்டில் என்று பெயர். அது இடம் வலமாக, முன் பின்னாக, மேல் கீழாக மூன்று வழியில் நகரும். அதன் நுனியில் பூட்டுகிற வெட்டலகை நாங்கள் பிற் என்போம்.

எங்கே போவது, எவ்வளவு வேகத்தில் போவது என்பதைக் கணினியில் இருந்து வரும் வரிகள் சொல்லும். இப்படிக் கணினி எண்களால் மெஷினை ஓட்டுவதைத்தான் சிஎன்சி என்பார்கள். "ஜி1 எக்ஸ்200 வை50 எஃப்3000" என்று ஒரு வரி வந்தால், குறுக்கே 200 மில்லிமீற்றரும் நெடுக்கே 50 மில்லிமீற்றரும் உள்ள புள்ளிக்கு, நிமிடத்துக்கு 3,000 மில்லிமீற்றர் வேகத்தில் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போ என்று பொருள். ஜி0 என்றால் வெட்டாமல் விரைவாகப் போ. ஜி2, ஜி3 என்றால் வளைந்து போ. ஒரு கதவுச் செதுக்கலில் இப்படி லட்சக்கணக்கான வரிகள் இருக்கும். இந்த முறை மரத்துக்காகப் பிறந்ததல்ல. 1952இல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில் உலோகம் வெட்டும் மெஷினில்தான் முதலில் செய்து காட்டினார்கள். அப்போது கட்டளைகள் துளையிட்ட நாடாவில் இருந்தன.

மெஷின்தானே எல்லாம் செய்யுது. பிறகு என்னத்துக்கு இவ்வளவு கூலி?

ஒரு கணக்கைச் சேர்ந்து பார்ப்போம். 400க்கு 600 மில்லிமீற்றர் அளவுள்ள கதவுப் பலகையில் ஒரு மயில் செதுக்க வேண்டும். கடைசி ஓட்டத்துக்கு நுனி உருண்ட 3 மில்லிமீற்றர் பிற்றைப் போடுகிறோம். ஒவ்வொரு வரியும் முந்தினதில் இருந்து 0.3 மில்லிமீற்றர்தான் தள்ளிப் போகும். 400ஐ 0.3ஆல் பிரித்தால் ஏறத்தாழ 1,333 வரி. ஒரு வரி 600 மில்லிமீற்றர். மொத்தம் 800 மீற்றர். நிமிடத்துக்கு 3 மீற்றர் போனாலும் நாலரை மணித்தியாலம். வளைவுகளில் மெஷின் தானாக வேகம் குறைக்கும், ஆகவே அதற்கும் மேல். இதற்கு முன் பெரிய பிற்றால் பருமட்டாகக் கிண்டிய நேரம் வேறு.

வரைபடம் போடுவது, மரத்தைச் சீவி மட்டம் எடுப்பது, பூட்டுவது, பிறகு மூலை துப்புரவாக்குவது, தேய்ப்பது, பொலிஷ் அடிப்பது எல்லாம் ஆள் வேலை. பிற்றும் தேய்ந்து போகும். செதுக்கலை 0.6 மில்லிமீற்றர் இடைவெளியில் ஓட்டச் சொன்னால் நேரமும் பாதி, கூலியும் குறையும். ஆனால் விரலால் தடவினால் வரிவரியாகத் தெரியும். உயரத்தில் இருக்கும் யன்னல் மேற்பலகைக்கு அது போதும். கை படுகிற முன்கதவுக்கு நான் அதைச் செய்யமாட்டேன்.

முழுக் கதிரையும் மெஷினுக்குள்ளால வெளியில வருமோ?

வராது. தட்டையான பலகையில் இருந்து துண்டுகள்தான் வரும். கால், முதுகுப் பலகை, பொருத்துத் துளை எல்லாம் தனித்தனியாக வெட்டி, கையால் பூட்டி, பசை வைத்து இறுக்க வேண்டும். அலுமாரி, கட்டில் தலைமாடு, சாமித்தட்டு, படிக்கும் மேசை, கதவுப் பலகை இவையெல்லாம் இந்த மெஷினுக்கு நன்றாகப் பொருந்தும். கடைந்த கால் வேண்டுமென்றால் சுழலும் அச்சு ஒன்று கூடுதலாகப் பூட்ட வேண்டும். அல்லது கடைச்சல்காரரிடம் கொடுங்கள், அவர் கெதியாக முடிப்பார்.

மகள் கனடாவில இருந்து வட்ஸ்அப்பில ஒரு கதவுப் படம் அனுப்பினவ. அதை அப்பிடியே வெட்டித் தாங்கோவன்?

படத்தைப் பார்த்து உங்களுக்கு என்ன விருப்பம் என்று எனக்கு விளங்கும். மெஷினுக்கு விளங்காது. புகைப்படத்தில் இருப்பது நிறப்புள்ளிகள் மட்டும். கோடு வெட்ட வேண்டுமென்றால் அந்தப் படத்துக்கு மேல் கோடுகளை வரைந்து டிஎக்ஸ்எஃப் அல்லது எஸ்விஜி கோப்பாக்க வேண்டும். மயிலின் கழுத்து புடைத்து நிற்க வேண்டுமென்றால் ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு ஆழம் என்ற தகவல் வேண்டும். அது எஸ்டிஎல் போன்ற முப்பரிமாணக் கோப்பில்தான் இருக்கும்.

படத்தில் அழகாகத் தெரிகிற கதவு உங்கள் நிலைக்கு அடங்காமலும் போகலாம். உயரமான கதவுக்கு வரைந்த கொடியை அகலமான கதவுக்கு இழுத்தால் பூ எல்லாம் முட்டையாகிவிடும். ஆகவே படத்தோடு சேர்த்து நிலையின் உள் அளவையும் எடுத்து வாருங்கள். மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். பழைய வீடுகளில் மூன்றும் ஒன்றாக இருப்பது அரிது.

அடி, அங்குலம், நூல் கணக்கில அளவு தரலாமோ?

தாராளமாகத் தாருங்கள், மாற்றுவது என் வேலை. ஒரு அங்குலம் 25.4 மில்லிமீற்றர். ஒரு நூல் அதில் எட்டில் ஒன்று, 3.175. இரண்டு நூல் பிற் என்று கேட்டால் 6.35 மில்லிமீற்றர் பிற். கடையில் 6 மில்லிமீற்றர் பிற்றும் கிடைக்கும், 6.35உம் கிடைக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தவறானதைப் பூட்டிப் பொருத்து வெட்டினால் பள்ளத்தின் அகலம் பிழைத்துவிடும்.

நீங்களே கோப்பு வரைந்து அனுப்புவதென்றால், அங்குலத்திலா மில்லிமீற்றரிலா வரைந்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். மாறித் திறந்தால் 25.4 மடங்கு பெருத்து அல்லது சிறுத்து வரும்.

எந்த மரம் நல்லம்?

தேக்கு நல்லது. ஆனால் தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால் பிற்றின் கூர் விரைவில் மழுங்கும். அதில் எண்ணெய்ப் பசையும் உண்டு, ஒட்டும் இடத்தைத் தின்னரால் துடைத்துவிட்டு உடனே பசை வைக்க வேண்டும். முதிரை கனமான மரம், வெட்டு கண்ணாடி போல வரும், ஆனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆழம் குறைத்துப் போக வேண்டும். மாகோகனி செதுக்கலுக்கு இதமானது. பலாவும் நன்றாக வெட்டுப்படும், மஞ்சள் நிறம் காலப்போக்கில் தேன் நிறமாகும்.

மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் செதுக்கல் மிகச் சுத்தமாக வரும், ஏனென்றால் அதில் இழை ஓட்டம் கிடையாது. ஆனால் தண்ணீர் பட்டால் ஊதும், ஓரத்தில் ஸ்குரூ பிடிக்காது. பெயின்ற் அடிக்கும் அலுமாரிக் கதவுக்குப் போடலாம். குசினியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே போடாதீர்கள்.

எங்கட வளவில நிண்ட வேம்பு தறிச்சுக் கிடக்கு. அறுத்து உடனே அலுமாரி செய்யலாமோ?

வேம்பு நல்ல மரம். மாகோகனியின் குடும்பம்தான். ஆனால் "உடனே" என்ற சொல்தான் பிரச்சினை. பச்சை மரத்தை மெஷினில் போட்டால் அன்று மாலை அளவு சரியாக இருக்கும், ஆறு மாதத்தில் கதவு முறுக்கும், பொருத்து விலகும். மெஷின் பத்தில் ஒரு மில்லிமீற்றருக்குச் சரியாக வெட்டும் என்பதால் ஈரமரத்தின் குற்றம் இன்னும் துல்லியமாகத் தெரியும். என்னைக் கேட்டால் இந்தப் பக்கம் முழுவதிலும் முக்கியமான பதில் இதுதான்.

மரக்காலையில் அறுத்து வந்த பலகையை நிழலில், நிலத்தில் படாமல், ஒவ்வொரு பலகைக்கும் இடையில் ஒரே தடிப்பான சட்டங்களை, மேல் சட்டம் கீழ்ச் சட்டத்துக்கு நேராக வரும்படி வைத்து அடுக்குங்கள். பலகையின் இரண்டு நுனிக்கும் பழைய பெயின்ற் அடித்துவிடுங்கள், ஈரம் நுனியால் வேகமாக ஓடும்போதுதான் வெடிப்பு வரும். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருசம் என்பது பழைய கணக்கு. எங்கள் வெயிலில் அதைவிடக் கெதியாகவும் காயலாம், அடுக்கிய விதத்தைப் பொறுத்தது. 12 முதல் 14 வீதம் ஈரத்துக்கு இறங்கியபின் கொண்டு வாருங்கள்.

ஈரமானி இல்லாவிட்டால் வீட்டிலேயே பார்க்கலாம். பலகையின் நுனியில் அல்ல, உள்ளே ஓரடி தள்ளி ஒரு சிறு துண்டு அறுத்து, தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். கேக் சுடும் அவணில் 100 பாகைக்குச் சற்று மேல் வைத்து, நிறை மேலும் குறையாமல் நிற்கும்வரை காய விடுங்கள். முதலில் 86 கிராம், கடைசியில் 74 கிராம் என்றால் வித்தியாசம் 12. அதை 74ஆல் பிரித்தால் ஏறத்தாழ 16 வீதம். அந்தப் பலகை இன்னும் பொறுக்க வேண்டும்.

இன்னொன்று. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். மரத்தை வீதியால் ஏற்றி வரவும் அனுமதிப்பத்திரம் கேட்பார்கள். எதைத் தறிப்பதானாலும் முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

பனையில மேசை செய்யேலுமோ?

ஏலும், வடிவாகவும் இருக்கும். ஆனால் பனை மற்ற மரங்களைப் போல அல்ல. வெளிப்பக்கம் கறுத்த நார் நெருங்கி இரும்பு போல இருக்கும், நடுவில் சோறு, அதாவது மெத்தென்ற உள்பகுதி. வெளி வைரத்தில் இருந்து ஒடுக்கமான கீலங்கள்தான் கிடைக்கும், அவற்றை ஒட்டித்தான் அகலம் எடுக்க வேண்டும். நாருக்குக் குறுக்கே வெட்டும்போது நார் அறுபடாமல் தும்பாக எழும்பி நிற்கும். புதிய கார்பைட் பிற், ஒரு ஓட்டத்துக்கு 2 மில்லிமீற்றர் ஆழம், அதற்கு மேல் வேண்டாம். நுணுக்கமான செதுக்கல் பனையில் நிற்காது. நேர்கோடு, பெரிய வளைவு, அவ்வளவுதான். அந்தக் கறுப்புக் கோடுகளே அதன் அலங்காரம், அதற்கு மேல் பூவும் கொடியும் தேவையில்லை என்பது என் எண்ணம்.

பழைய வீடு உடைச்சதில முதிரைத் தீராந்தியும் கதவும் கிடக்கு. திரும்பப் பாவிக்கலாமோ?

கட்டாயம் பாவியுங்கள். ஐம்பது அறுபது வருசம் கூரைக்குக் கீழ் காய்ந்த மரம், இன்று காசு கொடுத்தாலும் அப்படிக் கிடைக்காது. ஒரே பயம் உள்ளே இருக்கும் ஆணி. தலை துருப்பிடித்து உதிர்ந்த ஆணி வெளியில் தெரியாது. மரத்தில் ஒரு இடம் நீலம் பாய்ந்த கறுப்பாக இருந்தால் அங்கே இரும்பு இருக்கிறது என்று நினையுங்கள், மரத்தின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்துதான் அந்த நிறம் வரும்.

எங்கள் ஊரில் ஆணியோடு முடியாது. வன்னிப் பக்கம் இருந்து வந்த ஒரு வேப்பம் பலகையைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது "டிக்" என்று ஒரு சத்தம். பிற்றின் நுனி பறந்து சுவரில் பட்டது. மெஷினை நிற்பாட்டிப் பார்த்தால், பலகையின் உள்ளே சுண்டுவிரல் நகமளவு செப்பு நிறம் மின்னியது. சண்டைக் காலத்துத் துப்பாக்கிச் சன்னம். மரம் அதைச் சுற்றி மூடி வளர்ந்திருந்தது. மேலே இருந்த இழை ஒரு கண் போலச் சுழித்திருந்ததை நான் முடிச்சு என்று நினைத்துவிட்டேன். அன்றில் இருந்து எந்தப் பலகையையும் உலோகம் காட்டும் கருவியால் இரண்டு பக்கமும் தடவாமல் மெஷினில் ஏற்றுவதில்லை. காந்தம் போதாது, அது செம்பையும் ஈயத்தையும் பிடிக்காது. அந்தச் சன்னத்தை எடுத்துவிட்டு, துவாரத்தில் அதே மரத்தில் ஒரு கட்டை அடித்து அலுமாரியை முடித்துக் கொடுத்தோம்.

கதிரைக் கால் வளைவா வேணும். மெஷினுக்கு வளைவு கஸ்டமில்லைத்தானே?

மெஷினுக்குக் கஸ்டமில்லை, மரத்துக்குக் கஸ்டம். மரத்தின் பலம் இழை ஓடும் நீளத்தில் இருக்கிறது. வளைந்த காலை நேரான பலகையில் வெட்டும்போது வளைவின் ஏதோ ஒரு இடத்தில் இழை காலுக்குக் குறுக்கே வந்துவிடும். பாரம் ஏறினால் அந்த இடத்தில்தான் பிஸ்கற் போல முறியும். திரையில் பார்த்தால் எல்லாக் காலும் ஒரே மாதிரித்தான் இருக்கும், ஏனென்றால் திரையில் இழை இல்லை.

ஆகவே பலகையில் துண்டுகளை அடுக்கும் வேலையை மென்பொருளிடம் விடாதீர்கள். அது மரம் மிச்சப்படுத்தப் பார்க்கும், காலைக் குறுக்கே திருப்பி வைத்துவிடும். நான் கடதாசியில் காலின் உருவத்தை வெட்டி, பலகையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். இழை வளைந்து ஓடும் பலகை கிடைத்தால் அதைக் காலுக்கென்றே எடுத்து வைப்பேன். வளைவு மிகக் கூடியதென்றால் இரண்டு துண்டாக வெட்டிப் பொருத்துவது பலம்.

உள்மூலை எல்லாம் உருண்டு வருது, பொருத்து உள்ளுக்க போகுதில்லை. ஏன்?

சுழலும் பிற் உருண்டை. 6 மில்லிமீற்றர் பிற் எந்த உள்மூலையிலும் 3 மில்லிமீற்றர் வளைவை விட்டுத்தான் போகும். வழி மூன்று. மூலையில் பிற்றைக் கொஞ்சம் வெளியே தள்ளி ஒரு சிறு குழி வைக்கலாம், மறைந்திருக்கும் பிளைவூட் பொருத்துக்கு அது போதும். அல்லது கழுந்தின், அதாவது துளைக்குள்ளே போகும் நாக்கின், ஓரங்களை அதே 3 மில்லிமீற்றருக்கு உருட்டலாம். அல்லது உளியை எடுத்து மூலையைச் சதுரமாக்கலாம். நிலைக்கதவு, கதிரை போன்றவற்றுக்கு நான் உளிதான் எடுப்பேன். ஒரு மூலைக்கு ஒரு நிமிடம் போகாது.

18 மில்லிமீற்றர் பிளைவூட் எண்டு வரைஞ்சு வெட்டினன், பூட்டேக்க லொட லொட எண்டு ஆடுது?

இது எனக்கும் நடந்தது. ஒரு புத்தக அலுமாரிக்கு எல்லாப் பள்ளமும் 18 என்று வெட்டிவிட்டேன். தட்டைச் சொருகினால் ஆடுகிறது. அளந்து பார்த்தால் பலகை 17.3. பன்னிரண்டு பள்ளத்துக்கும் மெல்லிய மரத்தோல் (வெனீர்) ஒட்டித்தான் அதைக் காப்பாற்றினேன். பலகையின் பெயர்தான் 18, உண்மை அளவு ஒவ்வொரு முறையும் மாறும்.

வேர்னியர் அளவுகோலால் பலகையின் நாலு இடத்தில் அளந்து, அந்த எண்ணோடு 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் கூட்டி வரையுங்கள். முழுப் பலகையையும் வெட்ட முதல் ஒரு கழிவுத் துண்டில் ஒரு பள்ளம் வெட்டிச் சொருகிப் பாருங்கள். கையால் அழுத்தினால் போய், தலைகீழாகப் பிடித்தால் விழாமல் நின்றால் சரி.

விளிம்பு பிசிறுது. சில நேரம் கருகி மணக்குது. என்ன பிழை?

இரண்டுக்கும் காரணம் வேறு. முதலில் கருகல். கீழே விழுவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். துருவின தேங்காய்ப்பூப் போலச் சீவல் வந்தால் சரி. மாப் போலத் தூசு வந்தால் பிற் வெட்டவில்லை, உரஞ்சுகிறது. அந்த உரஞ்சலில்தான் சூடேறிக் கருகும். கணக்கு எளிது: நகரும் வேகத்தை, சுழற்சியால் பெருக்கிய வெட்டு விளிம்புகளின் எண்ணிக்கையால் பிரியுங்கள். இரண்டு விளிம்புப் பிற், நிமிடத்துக்கு 16,000 சுற்று, ஒவ்வொரு விளிம்பும் 0.1 மில்லிமீற்றர் கடிக்க வேண்டும் என்றால் 3,200 மில்லிமீற்றர் வேகம். பயந்துபோய் 800இல் ஓட்டினால் ஒவ்வொரு கடியும் 0.025. அதுதான் தூசு. மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்று நினைப்பது இங்கே பொருந்தாது. மெஷின் தாங்காதென்றால் சுற்றைக் குறையுங்கள், ஆழத்தைக் குறையுங்கள்.

பிசிறுவது பிற்றின் முறுக்கால். சீவலை மேலே இழுக்கும் பிற் மேல் விளிம்பைக் கிளப்பும், கீழே தள்ளும் பிற் அடி விளிம்பைக் கிளப்பும். பிளைவூட்டுக்கு இரண்டும் சேர்ந்த பிற் உண்டு, நுனி மேலே இழுக்கும், மீதி கீழே தள்ளும். அதைப் பாவிக்கும்போது முதல் ஓட்டமே ஆழமாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் நுனி மட்டும் வெட்டி மேலே பிசிறும். திண்மரத்தில் என்றால் கோட்டுக்கு அரை மில்லிமீற்றர் வெளியே முழு ஆழமும் வெட்டிவிட்டு, கடைசியில் அந்த அரை மில்லிமீற்றரை ஒரே ஓட்டத்தில் எடுங்கள்.

பலகையை மெஷினில எப்பிடி அசையாமப் பிடிக்கிறது?

அடியில் ஒரு எம்டிஎஃப் கழிவுப் பலகை போட்டு, அதில் ஓரமாக ஸ்குரூ அடிக்கலாம், பிடிகட்டை வைக்கலாம். காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் மேசையும் உண்டு, அது பெரிய பட்டறைக்கு. எந்த முறையானாலும் ஸ்குரூ எங்கே இருக்கிறதென்று வரைபடத்தில் குறித்து, பிற் அந்தப் பக்கம் போகாதபடி பாருங்கள். சிறு துண்டுகள் வெட்டி முடியும்போது துள்ளிப் பிற்றில் சிக்கும். அதற்காக மூன்று நாலு இடத்தில் பலகையோடு ஒட்டியபடி சிறு பாலம் விட்டு வெட்டி, பிறகு உளியால் தட்டி எடுக்க வேண்டும்.

அந்தக் கழிவுப் பலகை மாரியில் ஈரம் குடித்து ஊதும். ஐப்பசி கார்த்திகையில் ஆழம் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்து வந்தால் மெஷினைச் சந்தேகிக்க முதல், பெரிய பிற்றால் அந்தப் பலகையை அரை மில்லிமீற்றர் சீவி மட்டமாக்குங்கள்.

கதவுக்கு ரெண்டு பக்கமும் செதுக்கு வேணும். திருப்பிப் போடேக்க விலகாதோ?

விலகும், குறி இல்லாவிட்டால். பலகையின் நடு அச்சில், செதுக்கல் இல்லாத இடத்தில், மேலும் கீழுமாக இரண்டு 8 மில்லிமீற்றர் துளையை மெஷினாலேயே போட வேண்டும். துளை பலகையைத் துளைத்துக் கழிவுப் பலகைக்குள்ளும் இறங்க வேண்டும். முதல் பக்கம் முடிந்ததும் கழிவுப் பலகையில் இரண்டு முளை அடித்து, கதவை அந்த அச்சில் புத்தகம் போலத் திருப்பி முளையில் இருத்தினால் சரியாக உட்காரும். ஆழத்தின் தொடக்கப் புள்ளியைப் பலகையின் மேற்பரப்பில் எடுக்காமல் கழிவுப் பலகையில் எடுங்கள். அப்போதுதான் தடிப்பு இடத்துக்கிடம் மாறினாலும் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று துளைக்காது.

நடுவில கரண்ட் நிண்டால் பலகை வீணோ?

வீணாகத் தேவையில்லை. ஆனால் மெஷின் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் தொடக்கப் புள்ளி, மெஷினின் சொந்த மூலையில் இருந்து எவ்வளவு தூரம் என்ற எண்களை ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். கரண்ட் வந்ததும் மெஷினை மூலைக்கு அனுப்பி, அந்த எண்களைக் கொடுத்து, பிற்றை மேலே தூக்கி, ஸ்பிண்டிலைச் சுழலவிட்டு, நின்ற வரிக்குச் சில வரிகள் முன்னால் இருந்து தொடங்கலாம். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டிய நாட்கள் இருந்தன. நீண்ட செதுக்கலை நாலைந்து கோப்பாகப் பிரித்து ஓட்டுவது நல்ல பழக்கம்.

நானும் ஒண்டு வாங்க யோசிக்கிறன். சின்னனா வாங்கித் தொடங்கலாமோ? வீட்டுக் கரண்டில ஓடுமோ?

3018 என்று விற்பது 300க்கு 180 மில்லிமீற்றர் மேசை. பெயர்ப்பலகை செய்யலாம், பழகலாம், தளபாடம் செய்ய முடியாது. 6090 என்றால் 600க்கு 900, கதிரைத் துண்டுகளுக்கும் சிறு கதவுப் பலகைக்கும் போதும். 1325 என்றால் 1,300க்கு 2,500, எட்டுக்கு நாலடிப் பலகை முழுதாக ஏறும். 2.2 கிலோவாற்று ஸ்பிண்டில் உள்ளவை வீட்டு ஒற்றைக் கட்ட மின்சாரத்தில் ஓடும், இடையில் இருக்கும் இன்வேட்டர் அதை மூன்று கட்டமாக மாற்றிக் கொடுக்கும். 6 கிலோவாற்றுப் பக்கம் போனால் மூன்று கட்ட இணைப்பு எடுக்க வேண்டும்.

தண்ணீரால் குளிராக்கும் ஸ்பிண்டில் என்றால் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே படிவு ஸ்பிண்டிலுக்குள்ளும் படிந்து வழியை அடைக்கும். பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர் போதும். கடற்காற்று உள்ள ஊரென்றால் மெஷின் நகரும் தண்டவாளத்துக்கு அடிக்கடி எண்ணெய் போடுங்கள்.

என்ன சொப்ட்வெயார் படிக்க வேணும்?

வெட்டுவதற்கும் செதுக்குவதற்கும் வீகார்வ், அஸ்பயர் இரண்டும் பழக இலகு, காசு கொடுத்து வாங்க வேண்டும். இலவசமாக வேண்டுமென்றால் வரைய இங்க்ஸ்கேப், தளபாடம் வடிவமைக்க ஃப்ரீகேட். ஆட்காம் என்ற பழைய செதுக்கல் மென்பொருளை ஓட்டொடெஸ்க் நிறுவனம் 2018இல் விற்பதை நிறுத்திவிட்டது, அதன் தொடர்ச்சி கார்வ்கோ என்ற பெயரில் வருகிறது. மென்பொருளுக்கு முதல் ஒரு தச்சுப்பட்டறையில் சில மாதம் நில்லுங்கள் என்பேன். கழுந்து என்றால் என்னவென்று கையால் அறியாதவருக்கு அதைத் திரையில் வரையவும் தெரியாது.

தூசு உடம்புக்குக் கூடாதோ?

கூடாது. மரத்தூசு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் வகைப்படுத்தியது. முதிரைத் தூசு தோலில் சொறி கிளப்பும். எம்டிஎஃப் தூசு எல்லாவற்றிலும் நுணுக்கம். தூசு உறிஞ்சும் குழாயை ஸ்பிண்டிலோடு பூட்டுங்கள், முகத்தில் நன்றாகப் பொருந்தும் கவசம் போடுங்கள். முகத்தில் சால்வையைச் சுற்றுவது போதாது. பட்டறைக்குள் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

கோடையில வடிவாப் பூட்டின கதவு மாரியில இறுகுது. மெஷின் பிழையா வெட்டினதோ?

மெஷின் பிழையல்ல. மரம் ஈரத்தைக் குடித்துக் குறுக்கே விரியும், நீளத்தில் அநேகமாக மாறாது. 400 மில்லிமீற்றர் அகலத் தேக்குப் பலகையின் ஈரம் 4 வீதம் கூடினால் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் விரியும். ஆகவே செதுக்கிய பலகையைச் சட்டத்துக்குள் ஒட்டக் கூடாது. பள்ளத்துக்குள் இரண்டு பக்கமும் இடம் விட்டு மிதக்க விட வேண்டும். கதவுக்கும் நிலைக்கும் இடையில் கோடையில் ஒரு நூல் இடைவெளி தெரிந்தால் "இது என்ன ஓட்டை" என்று கேட்காதீர்கள், அது மாரிக்காக விட்டது. மேல் கீழ் விளிம்புக்கும் பொலிஷ் அடித்திருக்கிறதா என்று பாருங்கள், பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

தம்பி, இந்த மெஷின் வந்தால் எங்களை மாதிரி ஓடாவிமாருக்கு வேலை போயிடுமே?

இதைக் கேட்டவர் எங்கள் பட்டறையிலேயே இருந்து வேலை செய்கிற ஐயா. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் கைவாளாலும் சீவுளியாலும் மட்டும் கதவு செய்தவர். பொய் சொல்ல விரும்பவில்லை: ஒரே பூவை நாற்பது தரம் செதுக்கும் கூலி வேலை குறையும், குறைந்துவிட்டது. ஆனால் மேலே நான் எழுதிய பதில்களைப் பாருங்கள். ஈரம் பார்ப்பது, இழை பார்ப்பது, மாரிக்கு இடம் விடுவது, மூலையைச் சதுரமாக்குவது எதையும் நான் மெஷினோடு வந்த புத்தகத்தில் படிக்கவில்லை. ஐயா பலகையை விரல்முட்டியால் தட்டி "இது இன்னும் பச்சை" என்று சொல்வார், அவணில் வைத்துப் பார்த்தால் அநேகமாகச் சரியாக இருக்கும். எங்கள் பட்டறையில் எந்தப் பலகையும் அவர் சோக்கட்டியால் குறி போட்ட பிறகுதான் மெஷினில் ஏறும். அந்தக் குறிக்கும் சேர்த்துத்தான் கூலி. மெஷின் வைத்திருக்கும் மற்றவர்களும் தங்கள் ஓடாவிக்கு அப்படியே கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

கோயில் வாகனம், தேர்ச் சிற்பம் இதில செய்யலாமோ?

சிற்பாசாரியார் கேட்டால் மட்டும் செய்கிறோம், அதுவும் பருமட்டான வெட்டு மாத்திரம். மூன்று வழியில் நகரும் பிற் மேலிருந்து கீழேதான் பார்க்கும், காதுக்குப் பின்னாலும் தாடைக்குக் கீழும் அதற்கு எட்டாது. அவர் தரும் அளவுப்படி உருவத்தைக் கிண்டி, எல்லாப் பக்கமும் 3 மில்லிமீற்றர் மரத்தை விட்டுக் கொடுத்துவிடுவோம். முகத்தில் மட்டும் 6 மில்லிமீற்றர் விடச் சொல்லுவார். கண் திறப்பதற்கு மரம் வேண்டுமாம்.